குழாயைத் திறந்தால் காற்றுக்கூட வரவில்லை

என் மோட்டர் கொட்டிலில், பழைய பெல்ற்றுகள் கொழுவியிருக்கும் ஆணியில் ஒரு சின்ன எல்போவும் தொங்குகிறது. பைப்பைத் திருப்பிப் பூட்டுகிற வளைவுத் துண்டு, அரை இஞ்சி, வெள்ளைப் பிளாஸ்ரிக். வளைவின் வெளிப்பக்கத்தில் தலைமயிர் ஒன்று ஒட்டியிருப்பது போல ஒரு கோடு. கண்ணுக்கு உடைவு தெரியாது, நகத்தால் வருடினால்தான் தட்டும். விசுவமடுவுக்கு மோட்டர் திருத்த வருகிற ஆட்கள், "இதென்ன அண்ணை, வெடிச்ச எல்போவைப் போய்க் கொழுவி வச்சிருக்கிறியள்?" என்று கேட்பார்கள். கனடாவில் இருந்து கொண்டு வந்தது என்றால் சிரிப்பு. மற்றவர்கள் அங்கிருந்து சொக்லேற்றும் சப்பாத்தும் கொண்டு வருவார்கள், நான் இதைக் கொண்டு வந்தேன்.

2022ஆம் ஆண்டு, விசிற் விசா கிடைத்து ஸ்காபறோவில் அண்ணை வீட்டில் மூன்று மாதம் நின்றேன். அண்ணை அப்போதுதான் ஒரு பழைய ட்ரெயிலர் வாங்கியிருந்தார். நாங்கள் உழவு மிசினுக்குப் பின்னால் கொழுவுகிற பெட்டி மாதிரி இல்லை. கட்டில், குசினி, கக்கூஸ், சுடுதண்ணி எல்லாம் உள்ளேயே இருக்கிற வீடு, சில்லுப் பூட்டிய வீடு. ஒக்டோபர் இரண்டாம் திங்கள் அங்கே நன்றி சொல்லும் நாள், நீண்ட வார இறுதி. மரங்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும், பார்க்க வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டா. 1893இல் தொடங்கிய அல்கொங்குவின் பூங்காவைப் பகலில் பார்ப்பது, இரவில் ஹண்ட்ஸ்வில் பக்கம் ஒரு தனியார் முகாமில் ட்ரெயிலரை நிறுத்தித் தங்குவது என்று முடிவானது. ரொறன்ரோவில் இருந்து வடக்கே மூன்று மணித்தியாலம் வரும். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் ஏ9இல் போய்ப் பழக்கமில்லாத எனக்கு, இவ்வளவு பெரிய வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு பிள்ளையாரையும் காணாமல் போவது ஒரு மாதிரித்தான் இருந்தது.

முகாமில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கரண்ட் பெட்டி, ஒரு தண்ணீர்க் குழாய். அண்ணை குழாயில் ஹோஸைப் பூட்டி, நடுவில் தண்ணீர் வடிகட்டும் நீலக் குடுவையைப் பூட்டி, ட்ரெயிலரின் பக்கத்தில் இருக்கிற வாயில் கொழுவினார். பத்து நிமிட வேலை. உள்ளே குழாயைத் திறந்தால் நல்ல வேகத்தில் தண்ணீர் வந்தது.

பின்னேரம் ஐந்து மணிபோல எதிர்த் தளத்து வெள்ளைக்காரக் கிழவர் வெளியே வந்தார். தன் ஹோஸைக் கழற்றினார், ஒரு முனையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு மற்ற முனை வரை நடந்து உள்ளே இருந்த தண்ணீரை வடியவிட்டார், சுருட்டினார், உள்ளே கொண்டுபோய் வைத்தார். "தண்ணியிலையும் கஞ்சத்தனம் பாத்தியே" என்று அண்ணை சொல்ல நானும் சிரித்தேன். இருபத்தாறு வருசமாகத் தண்ணி மோட்டரோடு வேலை செய்கிற நான் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

இரவு குளிர் இறங்கியது. ட்ரெயிலருக்குள் காஸில் ஓடுகிற ஒரு சூடாக்கி இருக்கிறது, ஃபேர்னஸ் என்பார்கள். அது ஓடினால் காஸ் முடியும் என்று அண்ணை அதை நிறுத்திவிட்டு, வீட்டில் இருந்து கொண்டு வந்த சின்னக் கரண்ட் ஹீற்றரை நடுவில் வைத்தார். கரண்ட்டுக்கு வாடகையோடு சேர்த்துக் காசு கட்டியாயிற்றே. உள்ளே 22 பாகை. போர்வையைக் கூடக் கழற்றிவிட்டுப் படுத்தேன். வெளியே மைனஸ் 4.

விடிய எழும்பி முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் மோட்டர் இழுக்காவிட்டால் குழாய் ஒரு சத்தம் போடும், காற்று வரும், கொஞ்சம் துப்பும். இது ஒன்றுமே செய்யவில்லை.

வெளியே போய் ஹோஸைத் தொட்டேன், தடி மாதிரி இருந்தது. ஒரு முனையைத் தூக்கினால் மற்ற முனையும் சேர்ந்து எழும்பியது. நீலக் குடுவை அடியிலிருந்து மேல்வரை கீறி வெடித்து, உள்ளே ஐஸ் வடிவாகக் குடுவையின் அச்சில் நின்றது. அண்ணை பதறிப்போய்க் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து வந்து பூட்டு வாயில் ஊற்றினார். (அந்தத் தண்ணீரும் முதல் நாள் அண்ணி போத்தலில் பிடித்து வைத்தது.) ஊற்றிய தண்ணீர் படியில் வழிந்து, தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் படியிலேயே உறைந்துவிட்டது. அதில் கால் வைத்து அண்ணை விழுந்தார். நாரியில் அடி. அதற்கு மேல் அந்தப் படியில் உப்புத் தூவி, ஒரு துவாயையும் விரித்துப் போட்டோம்.

கிழவர் சத்தம் கேட்டு வந்தார். தலைமயிர் காயவைக்கும் மெசின் ஒன்றை நீட்டினார். என் ஆங்கிலமும் அவருடைய பொறுமையும் சேர்ந்து விளங்கிக்கொண்டது இதுதான்: உறைந்த பைப்பைச் சூடாக்குவதானால் முதலில் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். குழாய் இருக்கிற பக்கத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பின்னால் போக வேண்டும். நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீர் இரண்டு பக்கமும் ஐஸுக்கு நடுவே அடைபட்டுப் போகும். நெருப்போ, காஸ் ரோச்சோ கிட்டவும் கொண்டு வரக் கூடாது. பிளாஸ்ரிக் இளகும், பலகைச் சுவர் பற்றும்.

ஒரு மணித்தியாலம் அந்த மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து மணிக்கு மேல் வெயிலும் ஏறியது. தண்ணீர் வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு சரி என்றுதான் நினைத்தோம். பதினொரு மணிக்கு அண்ணையின் மகன் வந்து, "சித்தப்பா, கட்டிலுக்குக் கீழ ஈரமா இருக்கு" என்றான்.

ட்ரெயிலரின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள் ஷவர் ஒன்று இருக்கும், கடற்கரைக்குப் போய் வந்தால் கால் கழுவ. அந்தப் பெட்டிக்கும் வெளிக் குளிருக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் கதவு ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருந்த எல்போ இரவே வெடித்திருக்கிறது. உறைந்திருக்கும்வரை ஐஸே அடைப்பாக நின்றது. உருகின பிறகுதான் வெடித்தது வெளியே தெரிந்தது. ஆகவே தண்ணீர் திரும்பி வந்தவுடன் கை தட்டாமல், ஒவ்வொரு தட்டையும் திறந்து ரோச் லைற் அடித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. ஒரு மெத்தை போயிற்று.

அந்த எல்போ ஏன் வெடித்தது என்பது எனக்குப் பிறகு நாட்கணக்கில் மண்டைக்குள் ஓடியது. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். பத்து லீற்றர் தண்ணீர் பதினொரு லீற்றருக்குக் கிட்ட ஐஸாகும். குளிர்ப்பெட்டியில் சோடாப் போத்தலை மறந்துவிட்டவர்களுக்கு இது தெரியும். ஆனால் பைப்பில் பெரும்பாலும் ஐஸ் கட்டுகிற இடம் வெடிப்பதில்லை. ஐஸ் ஒரு பிஸ்ரன் மாதிரி முன்னால் இருக்கிற தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் குழாய் பூட்டியிருந்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை, அழுத்தம் ஏறி எங்கே பலவீனமோ அங்கே பிரியும். இப்போது அந்த ட்ரெயிலர்களில் போடுகிற பைப் கொஞ்சம் விரிந்து கொடுக்கும் சாதி, அது தப்பிவிடும். எல்போவும் பூட்டுகளும் விரியாது.

சரி, தள்ளப்பட்ட தண்ணீர் வந்த வழியே ஹோஸுக்குள் திரும்பிப் போகக் கூடாதா? போகாது. தண்ணீர் ஏறுகிற வாயில் ஒருபக்க வால்வு இருக்கிறது. உள்ளே விடும், வெளியே விடாது. அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. வேறொன்றுமில்லை, கிணற்றுப் பைப்பின் அடியில் பூட்டுகிற எங்கள் பூட்வால்வின் தம்பி. வன்னியில் கிணற்று மோட்டர் வைத்திருக்கிற ஆட்களுக்கு என்ன பிரச்சினை? பூட்வால்வில் ஒரு குருணிக் கல் மாட்டினால் போதும், இரவில் பைப்பில் நின்ற தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிடும். விடிய மோட்டர் வெறும் காற்றை அடித்துக்கொண்டு கிடக்கும். வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றி ஊற்றிப் பைப்பை நிரப்பினால்தான் இழுக்கும். என் வாழ்க்கையில் பாதி, பைப்பிலிருந்து தண்ணீர் இறங்காமல் பார்ப்பதில் போயிருக்கிறது. அங்கே அதே வால்வு தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் எல்போ போனது.

இதைப் பிடித்தபிறகு மற்றதெல்லாம் எனக்குத் தன்பாட்டில் விளங்கியது. குளிரில் பைப்பை எப்படிக் காப்பது என்று கேட்டால் ஆட்கள் உடனே சுற்றுகிற துணி, பஞ்சு, ஃபோம் என்று போவார்கள். முல்லைத்தீவில் மீன் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அது ஐஸை உண்டாக்குவதில்லை, வெளிச் சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது. ஃபோமும் அப்படித்தான், இருக்கிற சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், சூடு தராது. இரவு முழுக்க மைனஸில் அசையாமல் கிடக்கிற ஹோஸுக்கு எவ்வளவு ஃபோம் சுற்றினாலும் விடிய உறைந்துதான் இருக்கும். ஒன்றில் உள்ளே சூடு வேண்டும், அல்லது தண்ணீர் இருக்கக் கூடாது.

தண்ணீர் இல்லாமல் செய்வது லேசு, காசும் இல்லை. கிழவர் செய்தது அதுதான். பகலில் ட்ரெயிலரின் உள்தாங்கியை நிரப்பிவிட்டு, பின்னேரம் ஹோஸைக் கழற்றி வடித்து உள்ளே வைத்துவிட்டார். இரவு தாங்கித் தண்ணீரைத் தன் 12 வோல்ற் மோட்டரால் எடுத்தார். கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதும் கிடாரத்துத் தண்ணீர் ஆறுவதும் ஒன்றா? தாங்கியில் நூறு நூற்றைம்பது லீற்றர் இருந்தால் அது அப்படியான ஓர் இரவில் உறையாது. விரல் தடிப்பு ஹோஸ் நாலு மணித்தியாலத்தில் போய்விடும். நிரந்தரமாக ஹோஸ் வேண்டும் என்கிற ஆட்களுக்கு உள்ளே கம்பி ஓடுகிற, கரண்ட்டில் சூடாகிற ஹோஸ் விற்கிறார்கள். நல்ல சாமான்தான். ஆனால் அதைப் பூட்டிவிட்டு முகாமின் இரும்புக் குழாயையும், அதில் பூட்டுகிற பித்தளை அழுத்தக் குறைப்பானையும் அம்மணமாக விட்டால் பிரயோசனமில்லை. ஹோஸ் வெதுவெதுப்பாக இருக்கும், தண்ணீர் வராது.

உள்ளே இருக்கிற பைப்புகளுக்குச் சூடு வேண்டும். இங்கேதான் அண்ணையின் கரண்ட் ஹீற்றர் எங்களை ஏமாற்றியது. பல ட்ரெயிலர்களில் ஃபேர்னஸின் சூட்டுக் காற்றில் ஒரு பங்கு அடித்தட்டுக்குக் கீழே, தாங்கியும் பைப்பும் ஓடுகிற இடத்துக்குப் போகும்படிதான் செய்திருக்கிறார்கள். கரண்ட் ஹீற்றர் அறையைச் சூடாக்கும், ஃபேர்னஸின் சூட்டுமானி "22 பாகை, நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துச் சும்மா இருக்கும், கீழே பைப் விறைக்கும். மனிதர் சுகமாக இருப்பதைப் பார்த்துப் பைப்பும் சுகமாக இருக்கிறது என்று நினைக்க முடியாது. அன்றைக்குப் பின் அண்ணை ஃபேர்னஸை நிறுத்துவதில்லை. கரண்ட் ஹீற்றரை வைத்தாலும் குறைத்து வைக்கிறார். படுக்கமுன் குசினித் தொட்டிக்குக் கீழுள்ள தட்டுக் கதவுகளையும் கக்கூஸ் பக்கத்துத் தட்டையும் திறந்துவிடுவது என் யோசனை. வெளிச்சுவரோடு ஒட்டி ஓடுகிற பைப்புகளுக்கு அறைச் சூடு போய்ச் சேரும். அண்ணி இரவில் அதில் முட்டுப்பட்டு என்னைத்தான் பேசுவா.

காஸ் பற்றி ஒன்று. அங்கே வெளியே நிற்கிற சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், மைனஸ் 42 வரை ஆவியாகும். இங்கே எங்கள் சமையல் காஸில் பியூட்டேனும் சேர்ந்திருக்கும், அது பூச்சியத்துக்குக் கிட்டவே ஆவியாகாமல் படுத்துவிடும். கையடக்கக் காஸ் அடுப்புக்கு வாங்குகிற சின்ன ரின்களும் பெரும்பாலும் பியூட்டேன்தான். குளிரில் அதை நம்பிப் போனால் தேத்தண்ணியும் இல்லை. அதைவிட முக்கியம், அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்க நினைக்கக் கூடாது. அந்த இரவு அண்ணையே அப்படி ஒரு யோசனை சொன்னார். கதவு யன்னல் பூட்டிய சின்ன இடத்தில் காபன் மொனொக்சைட் சேர்ந்தால் மணமும் தெரியாது, இருமலும் வராது, நித்திரையிலேயே போய்விடுவோம். ட்ரெயிலரில் அதற்கு ஒரு எச்சரிக்கை மணி இருக்கிறது. படுக்கமுன் அதன் பொத்தானை அழுத்திப் பார்ப்பது இப்போது அந்த வீட்டில் பிள்ளைகளின் வேலை.

"குழாயைச் சொட்ட விட்டால் உறையாது" என்று ஸ்காபறோவில் எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம், கழிவு நிலத்துக்கு அடியில் போகிறது. ட்ரெயிலரில் சொட்டுகிற தண்ணீர் முழுக்கக் கழிவுத் தாங்கிக்குப் போய் விடியமுன் நிரப்பும். அதற்குப் பயந்து தாங்கியின் வால்வைத் திறந்துவிட்டால் இன்னும் மோசம். மெல்லிய ஒழுக்காகப் போகிற தண்ணீர் வெளிக் கழிவு ஹோஸிலேயே படை படையாக உறைந்து கடைசியில் அடைத்துவிடும். வால்வைப் பூட்டி வைத்து, நிரம்பியபின் ஒரே தள்ளாகத் திறந்துவிடுவதுதான் முறை.

நவம்பர் முதல் வாரம், நான் வெளிக்கிடுமுன், ட்ரெயிலரைக் குளிர்காலத்துக்கு மூடுகிற வேலையை அண்ணை என்னிடம் தந்தார். வேறு ஆளிடம் கொடுத்தால் காசு. எனக்கோ கை துருதுருத்தது.

சுடுதண்ணித் தாங்கியை முதல் நாளே நிறுத்தி ஆற விட்டேன். விடிய, முதலில் ஒரு சுடுதண்ணிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் அதன் அடைப்பைக் கழற்றினேன். அடைப்போடு சேர்ந்து ஒரு நீளத் தடி வந்தது, கறையான் தின்ற வேலிக்கதியால் மாதிரி. தாங்கி துருப்பிடிக்காமல் தான் கரைந்து போகிற உலோகம் அது, முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். பிறகு அடித்தட்டில் இருக்கிற இரண்டு வடிகுழாய்களையும், உள்ளே எல்லாக் குழாய்களையும், சூடும் பச்சையும், திறந்துவிட்டேன். வடிந்து நின்றபிறகும் பள்ளமான வளைவுகளில் தண்ணீர் நிற்கும். அதைக் காற்றால் தள்ள வேண்டும். சைக்கிள் கடைக்காரன் மாதிரி வேகத்தில் அடித்தால் பூட்டுகள் பிய்ந்துவிடும். காற்றழுத்தத்தை 40 பிஎஸ்ஐக்கு மேல் நான் ஏற்றவில்லை. ஒரு நேரம் ஒரு குழாய்தான் திறப்பு.

அதற்குப் பிறகு, குளிரில் பைப் வெடிக்காமல் இருக்க ஊற்றுகிற றோஸ் நிறத் திரவம். கார் ரேடியேற்றருக்கு ஊற்றுகிற பச்சைத் திரவம் இல்லை, அது நஞ்சு. குடிதண்ணிப் பைப்புக்கென்றே வேறாக விற்கிறார்கள். கடுங்குளிரில் இது சர்பத் போலக் குழையும், ஆனால் கல்லாக இறுகிப் பைப்பைத் தள்ளாது. ஊற்றுமுன் சுடுதண்ணித் தாங்கிக்குப் போகிற வழியைப் பூட்டி, சுற்றுவழியைத் திறக்க வேண்டும். இதை நான் முதலில் செய்யவில்லை. இரண்டு போத்தல் உறிஞ்சியும் குழாயில் ஒன்றும் வராமல், எங்கே போகிறது என்று வெளியே வந்து பார்த்தால் தாங்கியின் திறந்த வாயால் றோஸ் தண்ணி புல்லில் ஊற்றிக்கொண்டிருந்தது. அடைப்புப் போட்டிருந்தாலும் 23 லீற்றர் குடித்துவிட்டுத்தான் விட்டிருக்கும். வழியை மாற்றினபிறகு இரண்டு போத்தலோடு வேலை முடிந்தது. ஒவ்வொரு குழாயிலும் சூடு பக்கமும் பச்சை பக்கமும் றோஸ் நிறம் வரும்வரை திறந்து பார்த்து, கக்கூஸையும் அமத்தி, கழிவுத் துவாரங்களில் ஒவ்வொரு கோப்பை ஊற்றினேன். கீழே வளைவில் நிற்கிற தண்ணீரும் தண்ணீர்தானே. கடைசியாக வெளி ஷவர். புது எல்போ பூட்டியிருந்த இடம்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, டிசம்பரில் மாண்டஸ் புயலோடு அந்தக் குளிர் வந்தது. மழையும் காற்றுமாக மாடுகள் பட்டியில் நின்றபடியே விறைத்து விழுந்தன. வடக்கு கிழக்கு எல்லாம் நூற்றுக்கணக்கில் செத்தன. பூச்சியத்துக்குக் கிட்டவும் போகாத குளிர் அது. நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் அதுவே காணும். தறப்பாளைக் காற்றுப் பக்கம் இழுத்துக் கட்டி, சாக்கால் மாடுகளைத் துடைத்து, புகை போட்டுக்கொண்டு இரண்டு இரவு இருந்தோம். அண்ணை தொலைபேசியில், "அங்கை மைனஸோ?" என்று கேட்டார். பைப்பில் தண்ணி ஓடுது, மாடுதான் ஓடேல்லை என்றேன்.

அடுத்த ஒக்டோபரில் பெறாமகன் எடுத்தான். எங்களுக்கு இங்கே பின்னேரம். மோட்டர் கொட்டிலில் ஒரு பூட்வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ட்ரெயிலரைத் தானே தனியாக மூடிவிட்டதாகவும், சுற்றுவழியை மறக்கவில்லை என்றும், இரண்டு போத்தல்தான் போனது என்றும் சொன்னான். குரலில் நல்ல புளுகம்.

"வெளி ஷவரிலை றோஸ் வந்ததோ?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஜக்கெற்றின் சிப் இழுபடுவது கேட்டது.